சிக்காகோவின் பில்லியார்ட் கூடங்கள்: நினைவும் மறதியும்

அழிந்துபோன இடங்களைப் பற்றிய ஏக்கம் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. பட்டினங்கள் பாழ்பட்டதைப் பாடிய மரபு நம்மிடமும் உண்டு. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்க எழுத்தில் இவ்வேக்கம் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது எனலாம். அத்துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் இடங்களுள் ஒன்று பெருநகரங்களின் பழைய பில்லியார்ட் கூடமாகும். நாடகாசிரியர் டேவிட் மமெட் 1986 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதி ஒன்றில், சிக்காகோ நகரில் இருந்த பென்சிங்கர் கூடத்தை எண்ணி ஒரு சிறு கட்டுரை எழுதியுள்ளார். திறமையை வேண்டி நிற்கும் ஆட்டத்தின்மீது அமெரிக்கருக்குள்ள காதலும், சில்லறை ஏமாற்றின்மீது அவர்களுக்குள்ள காதலும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அது என்பது அவர் கருத்து. தனி மனிதன் ஒருவன் யாருடைய தொந்தரவுமின்றிப் பொழுதைக் கழித்த இடமாகவும் அவர் அதனைக் காண்கின்றார். நன்கு எழுதப்பட்ட கட்டுரை. வாசிப்போரை மயக்கும் தன்மை அதற்கு உண்டு. மயக்கும் என்ற சொல்லை நாம் அறிந்தே கையாளுகின்றோம்.

இத்தகைய நினைவுகளிலே யார் இடம்பெறுகின்றனர், யார் விடுபடுகின்றனர் என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா. அதற்குச் சிக்காகோவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஜேம்ஸ் ரி. பரல் என்னும் இடதுசாரி நாவலாசிரியரின் ‘ஸ்டட்ஸ் லொனிகன்’ முந்நூல்கள் அந்நகரின் தென்பகுதியிற் பிறந்தவை. வோல்ட்டர் டெவிஸ் 1959 இல் எழுதிய ‘த ஹஸ்லர்’ என்ற நாவலின் நாயகன் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆட்டத்தை ஆடுவது சிக்காகோக் கூடம் ஒன்றில்தான். அதே ஆண்டில் அதே நகரின் கறுப்பினக் கவிஞர் குவென்டொலின் புரூக்ஸ் பில்லியார்ட் ஆடும் ஏழு இளைஞரைப் பற்றி மிகச் சிறிய கவிதை ஒன்றை வெளியிட்டார். போதாக்குறைக்கு, அமெரிக்காவெங்கும் இவ்வாட்டத்திற்கான மேசைகளைச் செய்து விற்ற பிரன்ஸ்விக் கம்பனி தலைமையகம் கொண்டிருந்ததும் சிக்காகோவிலேயே. மேசையும் அந்த நகரத்தது. மேசையைப் பற்றிய இலக்கியமும் பெரும்பாலும் அந்த நகரத்தது.

இவ்வாட்டம் நம்மவருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நமது நாட்டில் அது தோட்டத்துரைமாரின் கிளப்புகளிலும் கொழும்பின் கனவான்கள் கூடுமிடங்களிலும் முதலில் இடம்பிடித்தது. பந்தை எடுத்து வைக்கவும் புள்ளியைக் கணக்கிடவும் ‘மார்க்கர்’ என்றொரு சம்பள ஊழியர் நின்றிருப்பார். பிற்காலத்தில், 1973 இல், எம்.ஜே.எம். லாபிர் உலக அமெச்சூர் பில்லியார்ட் வெற்றியாளரானபோதே இந்த ஆட்டத்தின் பெயரைப் பலர் முதன்முதலாகப் பத்திரிகையிற் கண்டனர். நம்மிடையே துரையின் ஆட்டமாக அறிமுகமானது அமெரிக்கப் பெருநகரத்தில் தொழிலாளியின் ஆட்டமாக இருந்தது என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கூடத்தின் நடைமுறையை அறியாமல் அதைப் பற்றிய இலக்கியத்தை மதிப்பிடுதல் இயலாது. பச்சைக் கம்பளித் துணி போர்த்திய கற்பலகை மேசை. அதன் ஓரங்களில் ஆறு பைகள். இலக்கமிட்ட பதினைந்து பந்துகளும் அவற்றை அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்தும். ஒவ்வொரு மேசைக்கும் மேலே தாழத் தொங்கும் விளக்கு. சுவரோரமாக, ஆட்டத்தைப் பார்ப்பதற்கென உயர்ந்த நாற்காலிகள். ஆங்கிலத்தில் இக்கூடத்திற்கு வழங்கும் பெயர் முதலிற் குதிரைப் பந்தயக்காரர் சேர்த்துக் கட்டும் கூட்டுப் பணத்தைக் குறித்த சொல்லாகும். பந்தயச் செய்தி வரும்வரை பணம் கட்டியோர் பொழுதுபோக்குவதற்காக மேசைகள் போடப்பட்டன. பின்பு பந்தயம் போய் மேசை நின்றது. கெட்ட பெயரும் மேசையோடு நின்றுவிட்டது. கட்டணம் பெரும்பாலும் நேரத்திற்கு இவ்வளவு என்று அறவிடப்பட்டது. தோற்றவனே மேசைக்காசைச் செலுத்த வேண்டும் என்பது பல கூடங்களில் நிலவிய வழக்கம். இந்த வழக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆடுவோர் இருவருள் ஒருவன் வெல்வான், ஒருவன் தோற்பான். கூடத்தின் சொந்தக்காரனோ எந்நாளும் தோற்பதில்லை. முதலாளித்துவப் பொருளாதாரத்தை விளக்க நம் வகுப்பறைகளில் நாம் படும் பாட்டை எண்ணுகையில், இத்துணைத் தெளிவான உதாரணம் பாடநூல்களில் இடம்பெறாதது வியப்பே.

அந்த உயர்ந்த நாற்காலிகளைப் பற்றி நினைவேக்க எழுத்தாளர் எவரும் போதியவாறு எழுதினாரல்லர். சிக்காகோவின் பனிக்காலம் கொடியது. இறைச்சித் தொழிற்சாலையிலோ உருக்காலையிலோ வேலை இழந்து, வாடகை அறையொன்றில் தனித்துத் தங்கியிருந்தவனுக்கு, கையிற் காசில்லாத நேரத்திலும் உள்ளே சென்று அமரக்கூடிய வெதுவெதுப்பான இடங்கள் பல இருக்கவில்லை. தேவாலயத்தில் அமர்ந்தால் மன்றாட வேண்டும்; மதுச்சாலையில் அமர்ந்தால் வாங்க வேண்டும். ஆடுவோரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கட்டணமில்லை. மமெட் போற்றும் ‘தொந்தரவற்ற தனிமை’யின் பொருளாதார அடிப்படை இதுதான். தனிமையைத் தேர்ந்துகொண்டவனுக்கு அது சுதந்திரம். வேறு வழியின்றி வந்தமர்ந்தவனுக்கு அப்பெயர் பொருந்துமா?

கூடங்களைக் கண்டித்தோரும் உளர் என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். அவர்களுள் எல்லோரும் போலி ஒழுக்கவாதிகள் அல்லர். சிக்காகோவின் சேரிமக்களிடையே வாழ்ந்து பணியாற்றிய ஜேன் அடம்ஸ் அம்மையார், 1909 இல் நகரத்து இளைஞரைப் பற்றி எழுதிய நூலில், நவீன நகரம் இளைஞரின் உழைப்பைத் தொழிற்சாலையிலே கவனமாக ஒழுங்குபடுத்திப் பயன்கொள்கின்றது, ஆனால் அவர்தம் களிப்பை இலாபம் தேடுவோரின் கையில் விட்டுவிடுகின்றது என்ற கருத்தை வலியுறுத்தினார். இது பிழையான கருத்தன்று. இன்றும் மறுக்க இயலாதது. ஆயின் அவர் வழியில் வந்தோர் பலர் முற்பாதியை மறந்து பிற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டனர். தொழிற்சாலை நேரத்தைப் பற்றி வாய்திறவாது கூடத்தின் கதவைப் பூட்டுவதையே சீர்திருத்தம் என்றனர். 1957 இல் அமெரிக்க மேடையேறிய ‘த மியூசிக் மான்’ என்ற இசைநாடகம் இத்தகையோரை அழகாக எள்ளி நகையாடுகின்றது. அதிலே ஊர் சுற்றும் எத்தன் ஒருவன், ஊருக்குள் வந்துவிட்ட ஒரு பில்லியார்ட் மேசையைக் காட்டிப் பெற்றோரை அச்சுறுத்தி, அந்த அச்சத்தை மூலதனமாக்கி அவர்களுக்கு வாத்தியக் கருவிகளை விற்கின்றான். ஒழுக்கக்கேடு பற்றிய கூக்குரல் எழும்போது, கூவுபவன் எதை விற்கின்றான் என்று பார்க்க வேண்டும் என்பதை ஒரு களியாட்ட நாடகம் உணர்த்திவிட்டது.

இனிப் பரலின் நாவல்களுக்கு வருவோம். 1932, 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இம்மூன்று நூல்களும் அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் ஒருவன் பதினைந்து வயதை நெருங்குவதில் தொடங்கி இருபத்தொன்பதாவது வயதில் இறப்பதில் முடிகின்றன. முதல் நூலை வெளியிட்ட பதிப்பகத்தார், மருத்துவர், சமூகப்பணியாளர், ஆசிரியர் முதலிய தொழில்சார்ந்தோருக்கு மட்டுமே விற்பனை என்று அறிவித்து, சிக்காகோவின் 1,313 இளைஞர் கும்பல்களை ஆராய்ந்த பிரடெரிக் திராஷர் என்ற சமூகவியலாளரின் முன்னுரையையும் சேர்த்தே அதனை வெளியிட்டனர். தெருப்பையன்களின் பேச்சு அச்சேறினால் சமூகம் கெட்டுவிடும் என்ற அச்சம்! அறுபதுகளின் தொடக்கத்தில் நம் நாட்டில் எழுந்த மரபுப் போராட்டத்தையும், ‘இழிசனர் வழக்கு’ என்ற வசையையும் அறிந்த வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆசிரியர்களாவது வாசிக்கலாம் என்று அனுமதித்த பதிப்பகத்தாருக்கு நாம் நன்றி கூறிக்கொள்வோம்.

ஸ்டட்ஸ் உயர்பள்ளிக்குச் செல்லாமல் ஒளிக்கின்றான். 58ஆம் வீதியில், மேற்பாலப் புகையிரத நிலையத்திற்கு அருகிலுள்ள பில்லியார்ட் கூடமே அவனுக்குப் பள்ளியாகின்றது. அங்கு கற்பிக்கப்படும் பாடங்களும் உண்டு: எவ்வாறு நிற்பது, எவ்வாறு துப்புவது, யாரை அஞ்சுவது, யாரை வெறுப்பது. கூடத்தின் முன்னே கூடி நின்று பேசும் பையன்களின் பேச்சைப் பரல் பக்கம் பக்கமாகத் தருகின்றார். சிலருக்கு அது சலிப்பூட்டும். சில இடங்களில் எமக்கும் சலிப்பே ஏற்பட்டது. ஆனால் அந்தச் சலிப்பு நாவலின் பொருளோடு ஒட்டியது. செய்வதற்கு ஒன்றுமில்லாத இளைஞரின் நாள்களை வேறெவ்வாறு எழுதுவது? பிற்காலத்து நினைவேக்கக்காரர் ஒரு பிற்பகலை எடுத்து அதற்கு மெருகிடுவர். பரல் பதினான்கு ஆண்டுகளையும் எண்ணிக் கணக்குக் காட்டுகின்றார்.

கணக்கில் மிகக் கொடிய பகுதி 1919 ஆம் ஆண்டினது. அவ்வாண்டு யூலை 27 ஆம் நாள், மிச்சிகன் ஏரியின் நீராடுதுறை ஒன்றில், வெள்ளையருக்கென வழக்கமாகிவிட்ட பகுதியை நோக்கி மிதந்து வந்த பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் கல்லெறியால் நீரில் மூழ்கி மாண்டான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தனர். அவருள் 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். பின்பு நியமிக்கப்பட்ட விசாரணைக்குழு 1922 இல் வெளியிட்ட அறிக்கை, ‘விளையாட்டுக் கழகம்’ என்ற பெயரில் இயங்கிய வெள்ளை இளைஞர் கும்பல்களின் பங்கை வெளிப்படையாகவே சுட்டியது. பரலின் நாவலில் 58ஆம் வீதிப் பையன்கள் அக்கலவர நாள்களிலே கறுப்பினத்தவரைத் தேடிப் புறப்படுகின்றனர். பெரிய வீரம் பேசிச் சென்றவர்களின் கையில் அகப்படுவது ஒரு சிறுவன். அவனுக்கு அவர்கள் இழைக்கும் கொடுமையைப் பரல் எவ்வித ஆவேசமுமின்றி, நாள் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வதுபோலச் சொல்லிச் செல்கின்றார்.

நேற்றுவரை கோலுக்கு நீலச் சோக்குப் பூசிக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்ற அதே பையன்கள்தாம் இவர்கள். கூடத்தின் தோழமை ஒன்று, தெருவின் கும்பல் வேறொன்று என்று பிரித்துப் பேச நினைவேக்க எழுத்து விரும்புகின்றது. பரல் பிரிக்க மறுக்கின்றார். 1958 ஐயும் 1983 ஐயும் கடந்து வந்த நமக்கு, சந்தியிலே வெறுமனே நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் வேறாக மாறியதை நேரிற் கண்டோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த மறுப்பின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

எனினும் பரல் தம் பாத்திரங்களைப் பேய்களாக்கிவிடவில்லை. ஸ்டட்ஸ் தன் தகப்பனாரிடமே வீடுகளுக்கு நிறந்தீட்டும் வேலை செய்பவன். சேமித்த பணத்தைப் பங்குச் சந்தையில் இழப்பவன். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, நெஞ்சு நோய்ப்பட்ட உடலோடு வேலை தேடி மழையில் அலைந்து வீழ்பவன். அவன் சாகக் கிடக்கும்போது, அவனை மணக்கவிருந்த பெண் கருவுற்றிருக்கின்றாள். தகப்பனாரோ தெருவிற் செல்லும் கம்யூனிஸ்டுகளின் ஊர்வலத்தை ஒன்றும் விளங்காதவராகப் பார்த்து நிற்கின்றார். கையெட்டும் தூரத்திலே ஒரு மாற்று நடந்து செல்கின்றது. அது அவருக்கு எந்த மொழியிலும் பேசவில்லை. முற்போக்கு எழுத்து என்றால் இறுதியில் நாயகன் கொடி பிடிக்க வேண்டும் என்று எண்ணுவோர் இந்த இடத்தைப் பலமுறை வாசித்தல் நன்று.

இரண்டாம் நூலின் முடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. பழைய அயர்லாந்துக் குடும்பங்கள் அப்பகுதியை விட்டு அகன்றுவிட்டன. அதே 58ஆம் வீதியிலே, முன்பு ஸ்டட்ஸ் நடந்ததுபோலவே, ஒரு கறுப்பினப் பையன் நடந்து செல்கின்றான். ஆட்கள் மாறினர்; தெரு மாறவில்லை. அந்தப் பையனின் கதையைப் பரல் எழுதவில்லை. அதை எழுதுவதற்கு அவன் பக்கத்திலிருந்து ஒருவர் வரும்வரை கால் நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. இடையிலே வந்ததுதான் பில்லியார்ட் கூடத்தைப் பற்றி உலகம் இன்றுவரை அறிந்து வைத்திருக்கும் கதை.

வோல்ட்டர் டெவிஸ் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். கென்டக்கி மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘ஹஸ்லர்’ எனப்படுபவன் தன் திறமையை மறைத்து ஆடி, எதிராளியை உயர்ந்த பந்தயத்திற்கு இழுத்துப் பணம் பறிக்கும் ஏய்ப்பாட்டக்காரன். மற்றெல்லாத் தொழிலாளரும் தம் திறமையைக் காட்டிப் பிழைக்க, இவன் அதை ஒளித்துப் பிழைக்க வேண்டியவனாக இருக்கின்றான். இந்த முரண்பாட்டைக் கண்டுகொண்டமை டெவிசின் கூர்மை. எடி பெல்சன் என்ற இளைஞன் சிக்காகோவின் பென்னிங்ரன் கூடத்திற்கு வந்து பெரும் ஆட்டக்காரன் ஒருவனுடன் மோதித் தோற்கின்றான். திறமை இருந்தும் தோற்றது ஏன் என்பதே நாவலின் வினா. மன உறுதி இல்லை என்பது அதற்குக் கிடைக்கும் விடைகளுள் ஒன்று. அந்த விடையைச் சொல்பவன் யாரென்றால், ஆட்டக்காரருக்குப் பணமிட்டு இலாபத்திற் பங்கு பெறும் சூதாடியான பேர்ட் கோர்டன். பணம் போடுபவன் எப்போதும் தொழிலாளியின் குணத்தைப் பற்றியே பேசுவான் என்பதை நாம் வேறிடங்களிலும் கண்டிருக்கின்றோம்.

1961 இல் ரொபேர்ட் ரொசன் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். படப்பிடிப்பு சிக்காகோவில் அன்றி நியூயோர்க்கின் ஏம்ஸ், மக்கேர்ஸ் ஆகிய உண்மையான கூடங்களில் நடைபெற்றது. போல் நியூமன் எடியாகவும் ஜோர்ஜ் சி. ஸ்கொட் கோர்டனாகவும் நடித்தனர். ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. இழந்த கூடங்களை எண்ணி ஏங்குவோரிற் பலர் உண்மையில் இப்படத்தின் கறுப்பு வெள்ளைக் காட்சிகளை எண்ணியே ஏங்குகின்றனரோ என்ற ஐயம் எமக்குண்டு. படத்தின் சிறந்த இடம் ஆட்டக் காட்சியன்று. பங்கு பேசும் காட்சியே. நூற்றுக்கு எழுபத்தைந்து தனக்கு, இருபத்தைந்து எடிக்கு என்கின்றான் கோர்டன். எடி ஒரு பெரும் மோட்டார்க் கம்பனியின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்து மறுக்கின்றான். பின்பு வேறொரு கூடத்தில் அவனது ஏய்ப்பைக் கண்டுகொண்டவர்கள் அவன் பெருவிரல்களை முறிக்கின்றனர். விரல் ஆறியதும் அதே பங்குக்கு அவன் உடன்படுகின்றான். கூலி எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதை அந்த முறிந்த விரல்கள் சொல்லிவிடுகின்றன.

ரொசனின் வாழ்க்கையை அறிந்தோர் இக்காட்சியை மறுபடியும் பார்ப்பர். நியூயோர்க்கின் ஏழைப் பகுதியில் வளர்ந்த அவர், பத்தாண்டுக் காலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1951 இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக்குழு முன் பெயர் கூற மறுத்தார், தொழில் இழந்தார். 1953 இல் மீண்டும் அக்குழு முன் சென்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட தம் தோழர்களின் பெயர்களைக் கூறினார். தொழில் திரும்பக் கிடைத்தது. ஆகவே கோர்டனில் அக்குழுவையும் ஹொலிவூட் முதலாளிகளையும், எடியிற் படைப்பாளியையும் காணும் விமரிசகர் உளர். அந்த வாசிப்பில் நியாயமுண்டு. ஆனால் அதிலொரு குறையும் உண்டு. பெயர் கூறப்பட்டதால் வேலை இழந்தவர்களுக்குப் படத்தில் இடமெங்கே? இருக்கின்றதென்றால் அது சாரா என்ற பெண்ணின் இடம். ஒரு காலை இழுத்து நடப்பவள், எழுத விரும்புபவள், குடிப்பவள். எடியின் பேராசையும் கோர்டனின் கொடுமையும் சேர்ந்து அவளைத் தற்கொலைக்குத் தள்ளுகின்றன. டெவிசின் நாவலில் அவள் சாவதில்லை. அவளைக் கொன்றது திரைப்படம். பிறர் கொடுத்த விலையால் தன் மானத்தை மீட்டெடுக்கும் நாயகனைக் காட்டி முடிவதால், இப்படம் உண்மைக்கு மிக அருகில் வந்து, கடைசி அடியில் விலகிவிடுகின்றது என்பதே எமது முடிபு. எடி வென்ற பணத்தைப் பங்கிட மறுத்து வெளியேறுகின்றான். இனிப் பெரிய கூடம் எதிலும் கால் வைக்கக்கூடாது என்று எச்சரிக்கப்படுகின்றான். கம்பீரமான காட்சிதான். கூடத்தைச் சொந்தமாகக் கொண்டவர்கள் அங்கேயே இருக்கின்றனர்.

இப்படத்தில் கூடத்தின் எல்லையைத் தீர்மானித்த இன்னொரு சுவரும் புலப்படுவதில்லை. சிசரோ மேர்பி என்ற புரூக்ளின் நகர் ஆட்டக்காரர், கறுப்பினத்தவர் என்பதால் பெரும் போட்டிகளுக்கு நெடுங்காலம் அழைக்கப்படாதிருந்து, 1965 இலேயே உலகப் போட்டி ஒன்றிற் பங்குபற்றி, பங்குபற்றிய அவ்வாண்டே வென்றார். திறமை ஒன்றே பேசும் இடம் என்று கூடத்தைப் போற்றுவோர் அவ்வாண்டையும் மனத்திற் கொள்வாராக.

படம் வெளிவந்தபின் சிறிது காலம் ஆட்டத்திற்குப் புதுவாழ்வு கிடைத்தது. நிலத்திற்குக் கம்பளம் விரித்து, குடும்பத்தோடு வரலாம் என்று விளம்பரம் செய்த புதிய கூடங்கள் தோன்றின. இந்த வெள்ளையடிப்பைக் கண்டு சினந்தவர் நெட் பொல்ஸ்கி. தாமே ஆட்டக்காரராகவும் சமூகவியலாளராகவும் இருந்த அவர், 1967 இல் வெளியிட்ட நூலில், கூடங்களின் வீழ்ச்சிக்கு அவற்றின் கெட்ட பெயர் காரணமன்று, மணமாகாது தனித்து வாழ்ந்த ஆண்களின் உலகம் சுருங்கிப்போனதே காரணம் என்று வாதிட்டார். மிகுந்த பயனுள்ள வாதம். ஆயினும் அந்த ஆண்கள் மணமின்றித் தனித்திருந்தது குடியேறி வந்த கூலி உழைப்பின் விளைவு என்பதை அவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சிக்காகோவின் பெரும் கால்நடைச் சந்தை 1971 இல் மூடப்பட்டது. தென்பகுதியின் பெரிய உருக்காலை 1992 இல் மூடப்பட்டது. வேலை முடிந்து வருவோர் இல்லாத தெருவில், வேலை முடிந்தபின் செல்லும் இடம் எவ்வாறு நிலைக்கும்? நினைவேக்க எழுத்தோ கூடத்தின் கதவு சாத்தப்பட்டதற்குக் கண்ணீர் வடிக்கின்றது. தொழிற்சாலையின் கதவைப் பற்றி அதற்கு நினைவில்லை.

இப்பொழுது அந்த ஏழு இளைஞரிடம் வருவோம். குவென்டொலின் புரூக்ஸ் 1917 இற் பிறந்து, சிக்காகோவின் தென்பகுதியில் வளர்ந்து, அங்கேயே வாழ்ந்தவர். 1950 இல் புலிற்சர் பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர். பள்ளி நடக்கும் நேரத்தில் தம் பகுதியின் பில்லியார்ட் கூடம் ஒன்றைக் கடந்து சென்றபோது உள்ளே பையன்கள் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டாராம். இவர்கள் ஏன் பள்ளியில் இல்லை என்று கேளாமல், இவர்கள் தம்மைப் பற்றி என்ன உணர்கின்றார்கள் என்று தம்முள் கேட்டுக்கொண்டதாக அவர் பின்பு கூறியுள்ளார். முதல் வினாவை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். வரவு இடாப்பில் சிவப்புக் கோடு இடும்போதெல்லாம் கேட்கின்றோம். இரண்டாவதைக் கேட்பதற்கு இடாப்பிலே நிரல் இல்லை.

கவிதை எட்டே வரிகள். இருபத்து நான்கே சொற்கள். அத்தனையும் ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள். பேசுவோர் அந்த ஏழு பேரும். பரலின் ஸ்டட்ஸ் ‘அவன்’. டெவிசின் எடியும் ‘அவன்’. மமெட்டின் கட்டுரையில் ‘நான்’. இங்கே மட்டுமே ‘நாங்கள்’. அதுவும் எங்கே வைக்கப்படுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்கியத்தின் தலைச்சொல்லாக வரவேண்டிய அது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் துண்டாகத் தொங்குகின்றது. அடுத்த வரிக்குப் போகுமுன் ஒரு கணம் மூச்சு நின்று தடுமாறுகின்றது. அச்சொல்லை மென்மையாகவே சொல்ல வேண்டும் என்பது கவிஞரின் கருத்து. தாமே வாசிக்கும்போதும் அவ்வாறே வாசித்தார். இறுதி வரியிலே, தமக்கு வரவிருக்கும் சாவைப் பற்றிப் பையன்கள் சொல்லும் இடத்தில், வரி முடிவில் அந்தச் சொல் இல்லை. பரல் மூன்று நூல்களில் எண்ணிய கணக்கை இவர் ஒரு சொல்லின் இடத்தால் எண்ணிவிட்டார்.

இக்கவிதையை ஒழுக்க போதனையாகப் படிப்போர் உளர்: பள்ளிக்கு ஒளித்தால் சாவு விரைந்து வரும், ஆகவே படியுங்கள் பிள்ளைகளே, என்று. ஆசிரியர்களே பெரும்பாலும் இவ்வாறு கற்பிக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது. இக்கவிதையிற் கண்டனம் இல்லை. அனுதாபம் என்ற பெயரில் உயரத்திலிருந்து விழும் இரக்கமும் இல்லை. தம்மைச் சாமானியராக எவரும் எண்ணாத உலகத்திலே, தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெருமையை உரத்துச் சொல்லும் ஏழு குரல்கள் உண்டு. அந்த உரத்த குரலின் அடியில் ஓர் ஐயம் உண்டு. கூடத்தின் பெயர் தலைப்பின் கீழே ஒரு துணைக்குறிப்பாக வருகின்றது. பொன்னும் மண்வெட்டியும் சேர்ந்த பெயர். புதைகுழி தோண்டும் கருவியை அப்பெயரிற் காண்பவர் காண்க.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். இந்த ஏழுபேரின் சகோதரிமார் அந்நேரம் எங்கே இருந்தனர் என்பதை இக்கவிதையும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு எழுத்தில் எவரும் சொல்லவில்லை. கூடம் அவர்களுக்கு மூடிய கதவு. அந்தக் கதவின் வெளிப்புறத்தைப் பற்றிய எழுத்து எமது பார்வைக்கு எட்டவில்லை. பந்துகளை முக்கோணத்தில் அடுக்கிக் கொடுத்துச் சில்லறை வாங்கிய பையனும், காசு மேசையில் இரவெல்லாம் விழித்திருந்தவனும் அவ்வாறே வெளியில் நிற்கின்றனர்.

1966 இல் டெட்ரோயிற் நகரின் கறுப்பினப் பதிப்பகமொன்று இக்கவிதையைத் தனித்தாளாக அச்சிட்டு வெளியிட்டது. மறு ஆண்டு புரூக்ஸ், சிக்காகோவின் பெரிய இளைஞர் கும்பல்களுள் ஒன்றாகிய பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் உறுப்பினர் சிலரை அழைத்துக் கவிதைப் பட்டறை நடத்தத் தொடங்கினார். யாப்பும் உருவமும் கற்பிக்கும் எண்ணத்தோடு சென்றவர், நாளடைவில் அவர்களிடமிருந்து தாம் கற்றதே மிகுதி என்று எழுதத் தலைப்பட்டார். பின்னர்த் தமது நூல்களை நியூயோர்க்கின் பெரிய பதிப்பகத்திற்குக் கொடுப்பதை நிறுத்தி, அந்த டெட்ரோயிற் பதிப்பகத்திற்கே கொடுத்தார்.